நந்தா விளக்கு வேண்டும்

2025-ஆம் வருஷம் ஜூலை மாதம் 23-ஆம் தேதி முதல் 27-ஆம் தேதி வரையில், அரியலூர் ஜில்லா கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடித் திருவாதிரை விழா வெகு சிறப்பாக நடந்தேறியதை நேயர்கள் அறிவார்கள். திருவாதிரை, ராஜேந்திர சோழ சக்கரவர்த்தி பிறந்த நட்சத்திரம். அவர் கடல் கடந்து கடாரம் வரையில் கப்பற்படை செலுத்தி ஆயிரம் ஆண்டு நிரம்பியதையும், கங்கைகொண்ட சோழேச்சுரத்தின் திருப்பணி தொடங்கி ஆயிரம் ஆண்டு ஆனதையும் ஒருசேரக் கொண்டாடுவதென்று மத்திய சர்க்காரின் கலாசார இலாகா அந்த விழாவை ஏற்படுத்தியது. ஓதுவார்கள் தேவாரம் இசைத்தார்கள். கலாக்ஷேத்திரத்தார் பரதநாட்டியம் ஆடினார்கள். தொல்பொருள் இலாகா, சோழர் காலத்துச் சைவத்தையும் கோயிற் கட்டடக் கலையையும் விளக்கும் கண்காட்சியை அமைத்தது. கடைசி நாளன்று பிரதம மந்திரி நரேந்திர மோடி நேரில் வந்து, ராஜேந்திரன் பெயரால் ஒரு ஞாபகார்த்த நாணயத்தை வெளியிட்டார். இளையராஜா தம் குழுவினருடன் திருவாசக இசை நிகழ்த்தினார்.

இவையாவும் நமக்கு மகிழ்ச்சி தருவனவே. பட்டணத்துச் சபாக்களில் டிக்கட் வாங்கியவர்களுக்கு மட்டுமே கிட்டும் இசையும் நடனமும், முந்திரிக் காட்டுக்கும் சுண்ணாம்புக்கல் குழிக்கும் நடுவிலுள்ள ஒரு கிராமத்தைத் தேடி வந்தன. ஒரு காலத்தில் ராஜதானியாக விளங்கிப் பின்பு சிற்றூராகச் சுருங்கிவிட்ட இடம், ஐந்து நாள் மீண்டும் ராஜதானிபோல் காட்சியளித்தது. அந்த ஐந்து நாளையும் குறைத்துப் பேச நாம் முன்வரவில்லை.

நம் மனத்தில் எழும் கேள்வி வேறு. வருஷத்துக்கு 365 மாலைகள் உண்டு. அவற்றில் ஐந்து மாலைகளுக்கு ஏற்பாடு நடந்தது. பாக்கியுள்ள 360 மாலைகளுக்கு என்ன ஏற்பாடு? விழாவுக்கென்று இடப்பட்ட பந்தலும் விளக்கும் விழாவோடு கழற்றப்படுவது உலக வழக்கம். விருந்தாளிகளும் திரும்பிவிடுவார்கள். கோயிலும் சிற்பமும் அங்கேயே இருக்கும். அந்த ஊர் ஜனங்களும் அங்கேயே இருப்பார்கள். இவ்விரண்டுக்கும் நிரந்தரமான சம்பந்தம் ஒன்றை உண்டாக்கித் தராத விழா, எவ்வளவு ஆடம்பரமானாலும், பாதிக் காரியமே செய்ததாகும் என்பது நமது அபிப்பிராயம்.

மாலை நேரம் யாருடையது?

கலைக் காட்சிக்கு மாலை நேரம் ஏன் அவசியம் என்று சிலர் வினவலாம். நம் நாட்டுப் பொருட்காட்சிசாலைகள் பொதுவாக ஆபீஸ் நேரத்தை ஒட்டியே திறந்து மூடப்படுகின்றன. காலையில் திறந்து, பொழுது சாய்வதற்குள் பூட்டிவிடுவார்கள். அந்த நேரத்தில் யார் அங்கே போக முடியும்? அரியலூர்ச் சிமிட்டித் தொழிற்சாலைகளில் வேலை செய்பவன் போக முடியாது. பெரம்பலூர்ப் பக்கத்தில் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் பயிரிடுகிறவன் போக முடியாது. ஜயங்கொண்டத்தில் கடை வைத்திருப்பவனும், தறியில் உட்காருகிறவனும் போக முடியாது. அவர்கள் வீட்டுப் பெண்களோ என்றால், பகல் முழுதும் வெளி வேலை, பொழுது சாய்ந்தால் வீட்டு வேலை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வருஷத்துக்கு ஒரு முறை வாத்தியாரோடு வரிசையாக வந்து, வரிசையாகவே திரும்புகிறார்கள்.

உழைக்கிற ஜனங்களுக்குச் சொந்தமான நேரம் பகலில் மிகச் சொற்பம். வெயிலும் தணிந்து வேலையும் முடிந்த பிறகு கிடைக்கும் இரண்டு மூன்று மணி நேரமே அவர்களுடையது. அந்த நேரத்தில் கலைக்கூடத்தின் கதவு பூட்டிக் கிடக்குமாயின், 'சகலருக்கும் அனுமதி' என்று வாசலில் பலகை தொங்கவிட்டு என்ன பிரயோஜனம்? சென்னை மாகாணத்தில் 1947-ஆம் வருஷத்து ஆலயப் பிரவேசச் சட்டம், கோயில் வாசலைச் சகல ஹிந்துக்களுக்கும் திறந்துவிட்டது. அதற்காக நம் முன்னோர் பட்ட பாட்டை நாம் மறக்கலாகாது. கலையின் வாசலைத் திறப்பதற்கு அத்தகைய போராட்டம் ஒன்றும் வேண்டியதில்லை. கடிகாரத்தைச் சற்று மாற்றி வைத்தால் போதும்.

வெளிநாடுகள் இதை எப்போதோ உணர்ந்துவிட்டன. ஜெர்மனியின் தலைநகரான பெர்லினில் 1997-ஆம் வருஷம் 'பொருட்காட்சிசாலைகளின் நீண்ட இரவு' என்ற ஏற்பாடு தொடங்கிற்று. ஓர் இரவு நெடுநேரம் வரையில் காட்சிசாலைகளைத் திறந்து வைத்து, ஜனங்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய் வரப் பஸ்களையும் விட்டார்கள். பாரிஸ் நகரத்தார் 2002-இல் 'வெள்ளை இரவு' என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். 2008 முதல் சிங்கப்பூரிலும் இராத் திருவிழா நடத்துகிறார்கள். அந்நகரத்துத் தேசீயப் பொருட்காட்சிசாலையின் முகப்பே திரையாகி, அதன்மேல் ஒளிச் சித்திரங்கள் விழுகின்றன. ராஜேந்திரனுடைய கப்பல்கள் சென்ற கடல்வழியிலுள்ள அந்நகரில் நம் தமிழ் மக்களும் குடும்பத்தோடு போய் அதைக் கண்டு களிக்கிறார்கள். அவர்களுடைய பூர்விக மண்ணில் அதற்கு வழியில்லாமல் இருக்கலாமா?

பிரான்ஸ் தேசத்து லியோன் நகரத்தின் விளக்குத் திருவிழா இவற்றையெல்லாம்விடப் பழமையானது. 1852-ஆம் வருஷம் டிசம்பர் 8-ஆம் தேதி, குன்றின்மேல் நிறுவிய மாதா சிலைக்காக அவ்வூரார் தத்தம் வீட்டுச் சன்னல்களில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தார்கள். இன்று அது பெரிய மின்சார உத்ஸவமாக வளர்ந்து, லட்சக்கணக்கான ஜனங்களை ஈர்க்கிறது. அதற்கு வேர் அந்தச் சன்னல் மெழுகுவர்த்தியே. கார்த்திகை தோறும் வாசலிலும் மாடத்திலும் அகல் ஏற்றும் நமக்கு இந்த விஷயத்தை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வீடு ஒரு விளக்கு என்பது நம்முடைய சொந்தச் சொத்து.

சாவாத ஆடுகள்

விளக்கெரிக்கும் விஷயத்தில் சோழர்கள் செய்திருந்த ஏற்பாட்டை நம் மந்திரிகளும் அதிகாரிகளும் ஒரு முறை கவனிக்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் வெட்டுவித்த சாசனங்களில் அது விவரமாகக் காணப்படுகிறது. இரவும் பகலும் அணையாமல் எரியும் விளக்குக்கு நந்தா விளக்கு என்று பெயர். ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை என்று கணக்கு. தானம் செய்தவர் பெயரும் சாசனத்தில் உண்டு. ஆட்டை ஒப்புக்கொண்ட இடையர் பெயரும் உண்டு. அந்த இடையர், விளக்கு ஒன்றுக்கு நாள்தோறும் ஓர் உழக்கு நெய், ஆடவல்லான் என்னும் பெயருள்ள மரக்காலால் அளந்து, கோயிற் பண்டாரத்தில் செலுத்த வேண்டும்.

அந்த ஆடுகளைச் சாசனங்கள் 'சாவா மூவாப் பேராடு' என்று சொல்கின்றன. சாகாத, மூப்படையாத ஆடு உலகத்தில் உண்டா? உண்டு என்பதே அந்த ஏற்பாட்டின் சூட்சுமம். மந்தையில் ஒன்று செத்தால், ஈன்ற குட்டியில் ஒன்று அதன் இடத்துக்கு வந்துவிடும். தொகை 96-இலிருந்து குறைய விடலாகாது. விளக்குக்கு நெய் அளந்ததுபோக எஞ்சிய வரும்படி, மேய்ப்பவனுடைய குடும்பத்துக்கு. அதாவது, முதல் அப்படியே நிற்க, பலன் மட்டும் விளக்கில் எரிந்தது. விளக்கும் எரிந்தது, அதை எரிய வைத்தவன் வீட்டில் உலையும் கொதித்தது. அரசன் வருவான், போவான். போர் வரும், பஞ்சம் வரும். ஆடு மட்டும் மூப்படையாது.

இக்காலத்து விழாக்களுக்கு ஒதுக்கப்படும் பணத்தை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இத்தனை கோடி ரூபாய் என்று கணக்கெழுதி, பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் வாடகை கொடுத்து, பட்டணத்துக் கம்பெனிக்குக் காண்டிராக்ட் விட்டு, விழா முடிந்ததும் கணக்கை மூடிவிடுகிறோம். அடுத்த வருஷம் மறுபடியும் புதுக்கணக்கு. ஆட்டை அறுத்து ஒரு நாள் விருந்து வைப்பது நம் முறை. ஆட்டை வளர்த்து என்றென்றும் நெய் எடுத்தது அவர்கள் முறை. ராஜேந்திரனுக்கு விழா எடுக்கும் நாம், அவர் தகப்பனார் கல்லில் எழுதி வைத்துப் போன இந்தச் சிறு பாடத்தைப் படிக்கலாகாதா?

எந்த வெளிச்சத்தில் பார்ப்பது?

வெளிச்சம் போடுவதிலும் விவேகம் வேண்டும். கங்கைகொண்ட சோழேச்சுரத்தின் விமானம் 53 மீட்டர் உயரம். தஞ்சை விமானத்தினும் சற்றுக் குறைவுதான். தஞ்சை விமானம் நேர்க்கோட்டில் கம்பீரமாக ஏறுகிறது. இதுவோ மேலே செல்லச் செல்ல உள்வளைந்து, மெல்லிய நளினத்தோடு ஏறுகிறது. 2004-ஆம் வருஷம் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ ஸ்தாபனம், தஞ்சைக் கோயிலோடு இதையும் தாராசுரத்தையும் சேர்த்து உலக மரபுச் சின்னமாக அங்கீகரித்தது.

அத்தகைய விமானத்தின்மேல் சிவப்பு, நீலம், பச்சை என்று மாறி மாறி விளக்கைப் பாய்ச்சுவதால் கண்ணுக்கு ஒரு வேடிக்கை உண்டாகலாம். சிற்பம் கண்ணுக்குத் தெரியாது. கல்லில் செதுக்கிய உருவத்துக்கு உயிர் கொடுப்பது நிழல். நேர் எதிரே நின்று பளிச்சென்று விளக்கடித்தால் நிழல் ஓடிவிடுகிறது. மேடும் பள்ளமும் ஒன்றாகிச் சிற்பம் தட்டையாகிவிடுகிறது. ஓரத்திலிருந்து, தாழ்வாக, சாய்வாக விழும் வெள்ளொளியிலேதான் கண்ணிமையும் உதட்டோரமும் விரல் நுனியும் எழுந்து வருகின்றன.

இதைச் சூரியனே ஆடி மாதத்தில் நமக்குச் செய்து காட்டுகிறான். நம் பிரதேசம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 11 டிகிரியில் இருக்கிறது. ஆகையால் ஆடி மாதத்தில் சூரியன் நம் தலைக்கு வடக்கே சஞ்சரித்து, நேர் மேற்கிலிருந்து சற்று வடக்கே தள்ளி அஸ்தமிக்கிறான். மார்கழியில் வெயில் எட்டாத வடபுறச் சுவரை, ஆடி மாதத்துச் சாயங்கால வெயில் சாய்வாகத் தடவிச் செல்கிறது. வடக்கு வாயிற்படிக்கு இருபுறமும் இக்கோயிலின் தலைசிறந்த சிற்பங்கள் இரண்டு இருக்கின்றன. ஒரு பக்கம் ஞான சரஸ்வதி. மற்றொரு பக்கம், தன்முன் பணிந்து அமர்ந்திருக்கும் சண்டேசருக்குச் சிவபெருமான் தம் கையாலேயே பூமாலை சூட்டும் கோலம். அந்தச் சண்டேசரின் வணக்கத்தில் ராஜேந்திரன் தன்னையே கண்டான் என்று கருதுகிற அறிஞர்களும் உண்டு. உலகத்தை வென்றவன் தலைகுனிந்து நிற்பதைக் காட்டும் அந்தச் சிற்பத்துக்கு ஏழு வர்ண விளக்கு எதற்கு? ஆடி மாதத்துச் சூரியன் காட்டும் முறையை மற்ற மாதங்களில் மின்சார விளக்கைக்கொண்டு நாம் காட்டினால் போதும்.

விளக்குகளைக் கல்லில் துளையிட்டுப் பொருத்தலாகாது. தரையில் விலகி நிற்க வேண்டும். பூஜை வேளைகளுக்கு இடையூறு செய்யலாகாது. இது பூஜை நடக்கும் ஆலயம் என்பதை மறந்து, நாடகக் கொட்டகையாக்கிவிடக் கூடாது. விமானத்தில் அடையும் பறவைகளுக்கும் இரவு வேண்டும். ஆகையால் இரவு ஒன்பது மணியோடு விளக்கை அணைத்துவிடலாம். பௌர்ணமியன்று நிலவே போதும்.

கோயிலைப் பார்ப்பவர்கள் அதன் சுற்று மதிலையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பிரிட்டிஷார் 1836-ஆம் வருஷம் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது, இக்கோயிலின் மதிற்கற்களையும் கோபுரத்துக் கற்களையும் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். அணை வேண்டியதுதான்; அதனால் எத்தனையோ ஆயிரம் ஏக்கர் விளைகிறது. அதற்காக ஒரு சாம்ராஜ்யத்தின் கோயிலை இடித்துக் கல் எடுக்க வேண்டுமா என்று கேட்கிற தைரியம் அன்று அடிமைப்பட்டிருந்த ஜனங்களுக்கு இல்லை. இடிந்து நிற்கும் அந்தக் கோபுரவாசலின்மேலும் ஒரு விளக்கு எரியட்டும். வெற்றியைக் காட்டும் விளக்கு ஒன்றுக்குப் பக்கத்தில், நாம் இழந்ததைக் காட்டும் விளக்கும் ஒன்று இருப்பது நல்லது.

பக்கத்திலுள்ள மாளிகைமேட்டில் 1980 முதல் மாநிலத் தொல்லியல் இலாகா அகழ்ந்து, சோழர் அரண்மனையின் செங்கற் சுவர்களையும் கூரை ஓடுகளையும் சீன தேசத்துப் பீங்கான் துண்டுகளையும் எடுத்திருக்கிறது. கற்கோயில் நிலைத்தது, செங்கல் அரண்மனை மண்ணோடு மண்ணாயிற்று. அரசன் தனக்குக் கட்டியது அழிந்து, ஊருக்குக் கட்டியது நின்றதென்று ஒரு சிறுவனுக்குச் சொல்ல இதைவிடத் தக்க இடம் எது? இவ்வூரில் சுமார் 22 கோடி ரூபாய் செலவில் பொருட்காட்சிசாலை கட்டப்போவதாக மாநில சர்க்கார் அறிவித்தது. அந்தக் கட்டடத்தின் முதல் விதியாக, மாலையில் திறந்திருக்க வேண்டும் என்று எழுதி வைக்கும்படி இப்போதே வேண்டுகிறோம்.

கடல் விட்டுப்போன கூடம்

கங்கைகொண்ட சோழபுரத்தோடு மட்டும் நிற்பதற்கில்லை. அரியலூர், பெரம்பலூர் ஜில்லாக்கள் இரண்டும் சேர்ந்து ஒரு பெரிய திறந்தவெளிக் காட்சிசாலை என்றே சொல்லலாம். கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்பு இந்தப் பூமி கடலின் அடியில் இருந்தது. அந்தக் கடல் விட்டுப்போன சங்கும் சிப்பியும் சுருள் சுருளான அம்மோனைட்டுகளும் இன்றும் ஓடைக் கரைகளில் கிடைக்கின்றன. 1862-ஆம் வருஷமே பிளான்போர்டு என்ற பூகர்ப்ப சாஸ்திரி இந்தப் பாறைகளைப்பற்றி எழுதி, உலகத்து விஞ்ஞானிகளின் பார்வையை இந்தப் பக்கம் திருப்பினார். பெரம்பலூருக்கு அருகே சாத்தனூரில் 18 மீட்டருக்குமேல் நீளமுள்ள ஒரு கல்மரம் கிடக்கிறது. சுமார் 12 கோடி வருஷத்துக்கு முந்தைய மரம், நார் நாராகக் கல்லாகிவிட்டிருக்கிறது. 1940-ஆம் வருஷம் அதைக் கண்டறிந்து உலகுக்குத் தெரிவித்தவர் நம் தமிழர் எம். எஸ். கிருஷ்ணன். அவரே பின்பு 1951-இல் இந்திய பூகர்ப்ப இலாகாவின் முதல் இந்தியத் தலைவராக அமர்ந்தவர்.

அரியலூர்ப் பக்கத்து வாரணவாசியிலும், பெரம்பலூர்க் கலெக்டர் ஆபீஸ் வளாகத்திலும் இந்தக் கடல் வாழ் பிராணிகளின் எச்சங்களைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் இதே கடல் விட்டுப்போன சுண்ணாம்புக் கல்தான் நாள்தோறும் லாரி லாரியாகச் சூளைக்குப் போகிறது. அந்த லாரியை ஓட்டுகிறவனும், அதன் புழுதியைச் சுவாசிக்கிற பாதையோரத்துக் குடும்பமும், தாங்கள் மிதித்து நிற்பது இன்னதென்று அறிய உரிமை உள்ளவர்கள். தங்கள் மண்ணை விற்கிற ஜனங்கள், அதை விற்பதற்கு முன்பாவது ஒரு முறை பார்த்துவிட வேண்டாமா?

கைத்திறமைக்கும் குறைவில்லை. பச்சைமலை அடிவாரத்து அரும்பாவூரில், பரம்பரையாக மரச்சிற்பம் செதுக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. வாகை, மா, வேம்பு முதலிய மரங்களில் தெய்வத் திருமேனிகளையும் தேர்ச் சிற்பங்களையும் ஆக்குகிறார்கள். 2020-ஆம் வருஷம் அவர்களுடைய சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு என்பது ஒரு முத்திரைதான். அது சோறு போடாது. ஜில்லாவின் தலைநகரத்தில் ஒரு மாலைநேரக் கூடம் இருந்து, அங்கே உளியோசை கேட்டு, ஜனங்கள் நின்று பார்த்து, நாலு பேர் வாங்கிப் போனால்தான் அந்தக் குடும்பத்துப் பிள்ளை உளியைக் கையில் எடுப்பான். இல்லையேல் அவன் பட்டணத்துக்குப் பஸ் ஏறிவிடுவான். அவனைக் குற்றம் சொல்ல நமக்கு வாய் இல்லை.

ஆட்சேபமும் சமாதானமும்

"குடிதண்ணீருக்கும் ஆஸ்பத்திரிக்கும் பணம் போதாத ஜில்லாக்களில் சிலைக்கு விளக்குப் போடுவதா?" என்று நம் நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி, தட்டிக் கழிக்க முடியாது. தண்ணீர் முதலில், ஆஸ்பத்திரி முதலில் என்பதில் நமக்கும் சந்தேகமில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். இக்காலத்து 20 வாட் விளக்கு ஒன்றைத் தினம் 4 மணி நேரம் வருஷம் முழுதும் எரித்தால், 29 யூனிட்டுக்குச் சற்று மேல் மின்சாரம் செலவாகும். ஐம்பது விளக்குக்கு 1,460 யூனிட். ஒரு விழாப் பந்தலின் செலவில் எத்தனை வருஷங்களுக்கு இது வருமென்று நேயர்களே யோசிக்கலாம். உண்மையான செலவு, காவலுக்கும் விளக்கம் சொல்வதற்கும் வைக்கும் ஆட்களுக்கான சம்பளம். அந்தச் சம்பளம் அந்த ஊர்ப் பையன்களுக்கும் பெண்களுக்குமே போய்ச் சேரட்டும். 96 ஆட்டின் வரும்படியில் இடையர் குடும்பம் பிழைத்ததைப்போல, இதிலும் சில குடும்பங்கள் பிழைக்கும்.

மற்றொரு ஆட்சேபமும் உண்டு. "கிராம ஜனங்களுக்குச் சிற்பமும் பூகர்ப்பமும் என்ன தெரியும்?" என்று படித்தவர்களில் சிலர் நினைக்கிறார்கள், வாய்விட்டுச் சொல்வதில்லை. அந்தச் சிற்பங்களைச் செதுக்கியவர்கள் எந்தச் சர்வகலாசாலையில் படித்தவர்கள்? விடிய விடியத் தெருக்கூத்துப் பார்த்து, ராகத்தையும் அடவையும் குறை சொல்லக்கூடிய ஜனங்களுக்குச் சுவை தெரியாதென்று சொல்பவர்கள், தங்கள் ஜனங்களையே அறியாதவர்கள். ஜனங்களுக்குத் தெரியாமலிருப்பது, நாம் சொல்லாமலிருப்பதால். பலகைகளில் ஆங்கிலம் முன்னும் தமிழ் பின்னும் நிற்பதாலும், அந்தத் தமிழும் ஆங்கிலத்தைவிடக் கடினமாயிருப்பதாலும் தெரியாமலிருக்கிறது.

நாம் வேண்டுவது

மத்திய சர்க்காரையும் மாநில சர்க்காரையும் நாம் ஒருங்கே கேட்டுக்கொள்கிறோம். யார் விழா எடுத்தார்கள், யாருக்குப் பெருமை என்ற சச்சரவில் நமக்குச் சிரத்தை இல்லை. ராஜேந்திரன் இருவருக்கும் பொது.

முதலாவது, நந்தா விளக்கு நிதி ஒன்று ஏற்பட வேண்டும். விழாவுக்கென ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியை முதலாக வைத்து, அதில் கை வைக்காமல் வட்டியை மட்டும் செலவிட வேண்டும். இந்த மண்ணின் கல்லை எடுத்துப் பொருள் ஈட்டும் தொழிற்சாலைகளும், வியாபாரிகளும், கடல் கடந்து வாழும் தமிழர்களும் ஆளுக்கொரு விளக்கு என்று எடுத்துக்கொள்ளட்டும். அவர்கள் பெயரைப் பழைய வழக்கப்படி பலகையில் எழுதி வைப்பதில் தவறில்லை. கணக்கையும் அதே பலகையில் எழுதி வைக்க வேண்டும்.

இரண்டாவது, வாரத்துக்கு இரண்டு மாலையாவது கங்கைகொண்ட சோழபுரம், வாரணவாசி, பெரம்பலூர் ஆகிய இடங்களிலுள்ள காட்சிசாலைகள் இரவு ஒன்பது மணி வரையில் திறந்திருக்க வேண்டும். அந்த மாலைகளில் அரியலூர் ரயிலடியிலிருந்தும் பெரம்பலூர், ஜயங்கொண்டம் பஸ் நிலையங்களிலிருந்தும் போய்வரப் பஸ் வேண்டும். பஸ் இல்லாத கலைக்கூடம், மோட்டார் வைத்திருப்பவனுக்கு மட்டுமே கலைக்கூடம்.

மூன்றாவது, அந்தந்த ஊர் இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்து, பேச்சுத் தமிழில் கதைபோல் விளக்கிச் சொல்ல ஏற்பாடு செய்ய வேண்டும். நான்காவது, அரும்பாவூர்ச் சிற்பிகளைக்கொண்டு இரண்டு ஜில்லாத் தலைநகரங்களின் பஸ் நிலையங்களிலும் பொதுவிடச் சிற்பங்கள் அமைத்து, அவற்றுக்கு விளக்கிட வேண்டும். பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் நேரத்திலேயே ஜனங்கள் கலையைக் காணட்டும்.

இவற்றில் சர்க்காரால் மட்டும் ஆகாத காரியம் ஒன்று உண்டு. அதை ஊர்க்காரர்களிடமும், பொதுவாழ்வில் ஈடுபட்ட நம் தோழர்களிடமும் விடுகிறோம். இனி வரும் ஆடித் திருவாதிரை மாலைகளில், கங்கைகொண்ட சோழபுரத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் வீட்டுக்கொரு அகல் எரியச் செய்யுங்கள். ஜாதி, கட்சி பாராமல் எல்லாத் தெருவிலும் எரியச் செய்யுங்கள். இதற்கு உத்தரவு வேண்டாம், நிதி வேண்டாம். ஒரு கரண்டி எண்ணெய் போதும். தங்கள் வீட்டு வாசலில் விளக்கேற்றிய ஜனங்கள், கோயிலைச் சுற்றியுள்ள விளக்கு அணைந்து கிடந்தால் சும்மா இருக்கமாட்டார்கள். ஏன் அணைந்தது என்று கேட்பார்கள். அப்படிக் கேட்கிற ஜனங்களே இந்தக் காலத்தின் சாவா மூவாப் பேராடு. அவர்கள் இருக்கும்வரையில் விளக்கு அணையாது.